ஸ்டீபன்ராஜ் கேட்ட பெயர்முறை

ஸ்டீபன்ராஜின் உடம்பில் அவன் சொன்னபடி கேட்டது வலது கட்டைவிரல் ஒன்றுதான். கழுத்து கொஞ்சம் திரும்பும். இடது கையை மடியில் வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். தசைச் சிதைவு நோய். பள்ளிக்கூடத்தில் ஓடும்போது விழ ஆரம்பித்தான், கல்லூரியில் சக்கர நாற்காலிக்கு வந்தான், பிறகு படுக்கை. இந்த நோயின் வழக்கமான போக்கு அது. அதில் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் அவனைப் பார்த்துக்கொள்ளப் போனபோது அவனுக்கு முப்பது தாண்டியிருந்தது, எனக்கு அறுபது தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்துவிட்டு, வீட்டிலிருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சியை முடித்தவள் நான். கோலியனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் விழுப்புரம் வந்து, ரயில்வே லைனை ஒட்டிய அவர்கள் தெருவுக்கு நடப்பேன். உடம்பு துடைத்து, பல் தேய்த்து, முதுகில் சிவப்பு தட்டியிருக்கிறதா என்று பார்த்து, துணி மாற்றி, தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வைப்பது காலை வேலை. ராத்திரிப் பொறுப்பு அவன் அம்மா இன்னாசியம்மாளுடையது. அப்பா இருதயநாதன் ரயில்வேயில் இருந்தவர்; நான் போவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே தங்கை வெனிலாவைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

முதல் நாள் அவன் என்னிடம் கேட்ட கேள்வி, "உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?"

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. முன்னாடி இருந்தவருக்குத் தெரியும். இது இன்னா, அது இன்னான்னு கேட்டுக்கினே இருப்பாரு. ஒரு வேலையும் ஓடாது."

அவன் வேலை செய்யும் விதம் இது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு மவுஸ். அதன் நடுவில் கோலிக்குண்டு போல ஒரு உருண்டை. அதை விரலால் உருட்டினால் திரையில் அம்பு நகரும். திரையின் அடியில் ஒரு விசைப்பலகை படமாகத் தெரியும். அம்பை ஒவ்வொரு எழுத்தின் மேலும் கொண்டுபோய் நிறுத்தி அழுத்த வேண்டும். இரண்டு எழுத்து அழுத்தியதும், நீ எழுத வந்த சொல் இதுவா என்று ஐந்து சொற்களை அது காட்டும். வேண்டியது அதில் இருந்தால் தேர்ந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் மூன்றாவது எழுத்து. மணிக்கட்டுக்குக் கீழே துண்டை மடித்து வைப்பது என் வேலை. துண்டு ஒரு மடிப்பு அதிகமானால் விரல் எட்டாது, குறைந்தால் வலிக்கும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியையும் போட்டுப் பார்த்தான். அவனுக்கு மூச்சு போதாது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துவான், அது அதற்குள் வேறு எதையோ எழுதிவிடும்.

இப்படி உட்கார்ந்து அவன் எழுதியது ரோட்பெல் என்ற மென்பொருளுக்கு. சின்ன ஊர்களில் எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று பலகையிலும் ஃபோனிலும் காட்டுவது அது. அதைச் செய்வது கம்பெனி இல்லை. பல நாடுகளில் இருக்கிறவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், அவரவர் வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதிச் சேர்க்கிறார்கள். உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். அனுப்பியதை இன்னொருவர் வரிவரியாகப் படிப்பார். சரியாக இருந்தால் சேர்ப்பார். இல்லையென்றால், காரணத்தை எல்லோரும் பார்க்கும் பக்கத்திலேயே எழுதித் திருப்பிவிடுவார்.

திருப்புவதில் கெட்டிக்காரர் ஹென்ரிக் என்று ஒருவர். ஏதோ குளிர்தேசத்துக்காரர். அந்த மென்பொருளை ஆரம்பித்தவர்களில் ஒருவர், வாய்த்துடுக்கு அதிகம். அவர் எழுதுவதை ஸ்டீபன் எனக்குத் தமிழில் சொல்வான். என்னை அவன் கூப்பிடுவது கிளிம்மா என்று.

"கிளிம்மா, இன்னிக்கு நல்ல டோஸ்."

"இன்னா சொல்றாரு?"

"இத எழுதும்போது தூங்கிக்கினு இருந்தியான்னு கேக்கறாரு. பாதிய அழிச்சிட்டு திரும்ப எழுதிக்கினு வாங்கறாரு."

"அதுக்கு ஏன்பா சிரிக்கிற?"

"என்னை வேற யாரு திட்டறா? எங்கம்மா திட்டுதா? நீங்கதான் திட்றீங்களா?"

"நேத்து திட்டனேனே, தண்ணி குடிக்கலன்னு."

"அது நர்ஸ் திட்டு. அது சேத்தியில்ல."

அந்தப் பக்கத்தில் யாருக்கும் அவன் படுத்திருப்பது தெரியாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் விழுப்புரம் ஜங்ஷன் பெயர்ப்பலகையின் படத்தை வைத்திருந்தான். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை இவன் இரண்டு நாளில் அனுப்புவான். ஏன் தாமதம் என்று கேட்டால், வேறு வேலை என்று எழுதுவான். ஹென்ரிக் அவனுக்கு விழுப்புரத்துச் சோம்பேறி என்று பெயர் வைத்தார். ஸ்டீபன் அதைப் பட்டம் வாங்கியவன் மாதிரி அம்மாவிடம் சொன்னான். அந்த அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "பாவிப்பய, இவன் கெதி தெரியாம பேசறான் பாரு," என்றது.

"தெரியாம பேசறதுதாம்மா அதுல நல்ல விஷயம்."

அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது திண்டிவனத்தில். வெனிலாவின் மூத்த பையனுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். வேனில் நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு போனோம். கோயிலில் மன்றாட்டு வாசிக்கும்போது, "நோயுற்ற எங்கள் சகோதரர் ஸ்டீபன்ராஜுக்காக" என்று படித்தார்கள். விழுப்புரத்தில் அவன் பங்குக் கோயிலிலும் எல்லா ஞாயிறும் படிக்கிறார்கள், இங்கேயும் படித்தார்கள். பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்ததும் வரிசையாக ஆட்கள் வந்து அவன் தலையில் கை வைத்தார்கள். புதுநன்மை வாங்கிய பையனிடம் போனவர்களை விட இவனிடம் வந்தவர்கள் அதிகம். உபதேசியாராக இருந்த ஒரு பெரியவர் அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுச் சொன்னார், "ஆண்டவர் உன்னைச் சோதிக்கிறாரு கண்ணு."

"நான் அப்ளிகேஷனே போடலியே மாமா," என்றான்.

அவருக்கு அது காதில் ஏறவில்லை. பக்கத்திலிருந்த அம்மாவிடம், "பையன் பொழுதெல்லாம் இன்னா பண்றான்?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணிக்கினு இருக்கான் அண்ணே. அவனுக்கும் பொழுது போவணுமில்ல."

வெனிலா ஒரு மாலையைக் கொண்டுவந்து அண்ணன் கழுத்தில் போட்டு, மகனை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். மாலையின் கனத்துக்கு அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நான் போய் நிமிர்த்தினேன். அதற்குள் எடுத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவனாகவே பேசினான். "நான் தப்பு பண்ணா தப்புன்னு சொல்ல அங்க ஒரு ஆள் இருக்காரு கிளிம்மா. இங்க நான் இன்னா பண்ணாலும் பாவம், நல்லாப் பண்றான்தான்."

அவன் சொன்னதில் தவறில்லை. படுத்தவனிடம் சண்டை போட யாரும் வருவதில்லை. என் தொழிலில் எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

பெயர் விவகாரம் அதற்கு அடுத்து வந்த, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் தொடங்கியது. ரோட்பெல்லுக்குள் கிளாஸ் என்று சொல்லும் பகுதிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெயரை எழுதித்தான் அதை வேலைக்குக் கூப்பிட வேண்டும். எழுதியவர்கள் பல பேர் என்பதால் பெயர்களும் பல தினுசு. நிறுத்தங்களின் பட்டியலுக்கு ஒருவர் ஸ்டாப்லிஸ்ட் என்று வைத்திருந்தார். தடங்களின் பட்டியலுக்கு இன்னொருவர் லிஸ்ட்ஆஃப்ரூட்ஸ். பயணங்களின் பட்டியலுக்கு மூன்றாமவர் ஆல்மைட்ரிப்ஸ். ஒரே வார்டில் மூன்று ஷிஃப்டும் மருந்து டிராலியை மூன்று விதமாக அடுக்கினால் எப்படியோ அப்படி.

மற்றவர்களுக்கு அது எரிச்சல். தேடிப் பார்த்து அடித்துவிட்டுப் போவார்கள். இவனுக்கு ஒவ்வொரு தேடலும் விரலில் போயிற்று. பெயர் எப்படித் தொடங்கும் என்று தெரிந்தால் இரண்டு எழுத்து, ஒரு தேர்வு, முடிந்தது. தெரியாவிட்டால் பக்கம் பக்கமாக உருட்ட வேண்டும். மதியத்துக்குள் கட்டைவிரல் நடுங்க ஆரம்பித்துவிடும். வெந்நீரில் வைத்து எடுத்து, எண்ணெய் தொட்டு நீவிவிடுவேன். சில நாள் திரும்ப வரும், சில நாள் வராது. போன வருஷம் இருந்த பலம் இந்த வருஷம் இல்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயர்கள் ஒழுங்காக இருந்தால் இன்னும் சில வருஷம் வேலை செய்யலாம். இல்லாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

அதனால் அவன் ஒரு பெயர்முறை எழுதினான். எந்தப் பொருளோ அது முதலில் வர வேண்டும், என்ன வகை என்பது கடைசியில். ஸ்டாப்லிஸ்ட், ரூட்லிஸ்ட், ட்ரிப்லிஸ்ட். எல்லாவற்றுக்கும் இதே வரிசை, விலக்கு கிடையாது. தவக்காலம் முழுக்க எழுதி, பெரிய வியாழனுக்கு முன்னால் அனுப்பினான். படிக்க எளிது, புதிதாக வருகிறவர்கள் பெயரை ஊகிக்கலாம், ஒரே பொருளைச் சேர்ந்தவை ஒன்றாக நிற்கும் என்று காரணம் காட்டியிருந்தான். விரலைப் பற்றி ஒரு வரி இல்லை.

முறை வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எந்த முறை என்பதில் மார்ட்டா என்ற பெண் வேறு யோசனை சொன்னாள். எல்லாப் பெயரும் ரோட்பெல் என்றே தொடங்கட்டும். ரோட்பெல்ஸ்டாப்லிஸ்ட், ரோட்பெல்ரூட்லிஸ்ட் என்று. சில ஊர்களில் இதை வேறு மென்பொருளோடு சேர்த்து ஓட்டுகிறார்கள், அதிலும் ஸ்டாப்லிஸ்ட் என்று ஒன்று இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும் என்பது அவள் வாதம்.

"அவங்க சொல்றது நியாயமா?" என்று கேட்டேன்.

"நியாயந்தான். அதான் பேஜாரு."

ஆங்கிலத்தில் ரோட்பெல் என்பது எட்டு எழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் அந்த எட்டைத் தாண்டிய பிறகுதான் உண்மையான பெயர் தொடங்கும். இரண்டு எழுத்து அழுத்தினால் அடியில் காட்டும் ஐந்து சொற்களும் எப்போதும் அதே ஐந்தாக இருக்கும். அவனுக்கு இப்போதிருக்கும் குழப்பத்தை விட அது மோசம்.

பெயர் இவ்வளவு நீளமாவது நல்லதில்லை என்று ஸ்டீபன் எழுதினான். ஹென்ரிக்கிடமிருந்து உடனே பதில் வந்தது. எட்டு எழுத்து கூடுதலாக அடிப்பதால் யாருக்கும் கை ஒடிந்துவிடாது, விழுப்புரத்துச் சோம்பேறியைத் தவிர என்று.

அதை எனக்குச் சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிடேன்பா," என்றேன். "நாலு வார்த்தை. எனக்கு ஒரு விரல்தான் வேலை செய்யுதுன்னு."

"சொன்னா ஒத்துக்குவாங்க."

"அப்புறம் இன்னா?"

"சொன்னவொடனே ஒத்துக்குவாங்க கிளிம்மா. அதான் வேணாம். வாதம் பண்ணி ஜெயிச்சா அது வேற. தலையில கைய வச்சிக் குடுத்தா அது திண்டிவனம்."

வாக்கெடுப்பு நடந்தது. மார்ட்டாவின் முறை ஜெயித்தது. சீரான பெயர்முறை வேண்டும் என்று முதலில் கேட்டவன் என்று ஸ்டீபனுக்கு நன்றி சொல்லி ஒரு வரி போட்டார்கள்.

அதன் பிறகும் அவன் விடவில்லை. ஒவ்வொரு முறையும் அதே எட்டு எழுத்தை உருட்டி உருட்டி எழுதினான். காலைப் பத்து மணிக்கெல்லாம் விரல் படுத்துவிடும். துண்டு மடிப்பை மாற்றிப் பார்த்தேன், மவுஸைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன், கைப்பிடிக்கு நுரைப்பஞ்சு ஒட்டிப் பார்த்தேன். எதுவும் பெரிதாக உதவவில்லை. அனுப்புவது குறைந்தது. சோம்பேறி உயிரோடு இருக்கிறானா என்று ஹென்ரிக் கேட்டார். இருக்கிறேன், வேலை அதிகம் என்று பதில் எழுதினான். அதை எழுதவே அரை மணி நேரம் ஆயிற்று. சாப்பாட்டில் பாதியை ஒதுக்க ஆரம்பித்தான். இன்னாசியம்மாள் மகளுக்கு ஃபோன் போட்டது.

வெனிலா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அண்ணன் விரலைப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து படிக்கத் தெரியும். ஹென்ரிக்கின் கை ஒடியும் வரி வரைக்கும் படித்துவிட்டாள்.

"இன்னாண்ணே இது? இவன் யாரு உன்னைச் சோம்பேறின்னு சொல்றதுக்கு?"

"என் ஃப்ரெண்டு."

"ஃப்ரெண்டு பேசற பேச்சா இது? உன் நெலம அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது. தெரிய வேணாம். நீ எதுவும் எழுதக் கூடாது வெனிலா."

"நான் எதுக்கு எழுதறேன்."

"சத்தியமா?"

"எழுதல சாமி, விடு. மொதல்ல சோத்தத் தின்னு."

அவள் கெட்டவள் இல்லை. அண்ணன் தோற்றுக் கிடப்பதைப் பார்க்க முடியாதவள், அவ்வளவுதான். திண்டிவனம் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் அந்தப் பக்கத்தில் அவள் எழுதிவிட்டாள். டீச்சர் அல்லவா, நன்றாகவே எழுதியிருந்தாளாம். பிறந்ததிலிருந்து ஆரம்பித்து, அப்பா தூக்கிக்கொண்டு காலேஜ் போனது, அப்பா செத்தது, ஒரு விரல், எட்டு எழுத்து, எல்லாம். அடியில் புதுநன்மை அன்றைக்கு எடுத்த படம். கழுத்தில் மாலை, ஒரு பக்கம் சாய்ந்த தலை.

காலையில் நான் திரையைப் போட்டுக் கொடுத்தபோது அவன் அதைப் பார்த்தான். பிறகு, "கிளிம்மா, இத கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க," என்றான். அன்று முழுக்க அது அணைந்தே கிடந்தது. வெனிலா ஃபோன் பண்ணினாள். அம்மா எடுத்து, தூங்குகிறான் என்றது. அவன் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தான்.

அடுத்த நாள் எல்லாவற்றையும் எனக்குப் படித்துச் சொன்னான், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல். ஹென்ரிக் நீளமாக எழுதியிருந்தார். உனக்கு நான் எழுதிய ஒவ்வொரு வார்த்தைக்கும் வெட்கப்படுகிறேன், மன்னித்துவிடு என்று. மார்ட்டா தன் யோசனையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மறுபடி வாக்கெடுப்பு வைத்து எல்லோரும் ஸ்டீபனின் முறைக்கே கை தூக்கினார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பெயர்களை மாற்றும் வேலையை நானே செய்கிறேன், எனக்கு ஒரு மாதம் கொடுங்கள் என்று இவன் கேட்டான். உன் விரலை நீ பார்த்துக்கொள் என்று சொல்லி, மார்ட்டாவே ஒரு வார இறுதியில் அத்தனையையும் மாற்றி முடித்தாள். விதியை எழுதிய பக்கத்தின் தலைப்பில் ஸ்டீபன் முறை என்று போட்டார்கள். அந்தப் படத்தையும் போடலாமா என்று அனுமதி கேட்டார்கள். இவன் முடியாது என்று எழுதினான். புரிகிறது, உன் விருப்பம்தான் முக்கியம் என்று ஒன்பது பேர் பதில் எழுதினார்கள்.

விரலுக்கு அது நல்லதுதான். அதை மறைப்பதில் பயனில்லை. இரண்டு எழுத்து, ஒரு தேர்வு. சாயங்காலம் நான் புறப்படும் வரைக்கும் விரல் தாங்கியது. வெந்நீர் வைக்கும் வேலைகூடக் குறைந்தது. இன்னாசியம்மாள் கோயிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டு வந்தது.

அவன்தான் பழையபடி இல்லை. அனுப்பியதெல்லாம் உடனே சேர்ந்தது. எதற்கும் கேள்வி வரவில்லை. "அருமை", "நேரம் எடுத்துக்கொள்", பக்கத்தில் சிவப்பு இதயம். ஹென்ரிக்கும் அதேபோல எழுதினார். ஸ்டீபன் அவரை வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தான்; நீங்கள் போன வாரம் எழுதியது குப்பை என்று எழுதினான். நீ சொல்வது சரி, சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்று பதில் வந்தது.

"இது ஹென்ரிக்கே இல்ல கிளிம்மா. எங்க பங்குசாமி."

மார்ட்டா முன்பே எச்சரித்தபடி ஏதோ ஒரு ஊரில் ஸ்டாப்லிஸ்ட் இரண்டு வந்து மோதி, பலகை வேலை செய்யாமல் நின்றுபோனது. அதை அவர்களுக்குள்ளேயே பேசி, ஒட்டுப்போட்டுச் சரி செய்துவிட்டார்கள். ஸ்டீபன் வேறெதையோ தேடப் போய் அதைக் கண்டுபிடித்தான். என் முறையால் வந்த கோளாறு, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். உனக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று நினைத்தோம் என்று மார்ட்டா எழுதினாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் அவன் ஏதோ புதிதாக எழுதினான். வழக்கத்தை விடச் சுறுசுறுப்பாக இருந்தான். உதட்டோரத்தில் ஒரு மாதிரி சிரிப்பு வேறு.

"இன்னா எழுதற?"

"ஒரு புது கிளாஸ். பேரு லிஸ்ட்ஆஃப்ஸ்டாப்ஸ்."

"நீ சொன்ன முறையில வகை கடைசியிலதான வரணும்?"

"ஆமா. பேரு தப்பு. உள்ளாற இருக்கறது அத விடத் தப்பு. இத சேத்தா பஸ் போனப்புறந்தான் பலகையில காட்டும்."

"அப்ப ஏன்பா அனுப்பற? ஜனங்க நிக்குமே ரோட்டுல."

"சேக்க மாட்டாங்க கிளிம்மா. ஒரு ஆள் படிச்சாப் போதும், சேக்க மாட்டாங்க."

அனுப்பினான். நான் கஞ்சி ஊட்டினேன். வாயைத் துடைத்து, காலை மாற்றி வைத்து, மூத்திரப் பையைக் காலி செய்துவிட்டு வந்தேன். அதற்குள் பதில் வந்திருந்தது. இரண்டு பேர் சரி என்று ஒப்புதல் கொடுத்து, ஹென்ரிக் சேர்த்துவிட்டிருந்தார். மிக நேர்த்தி, நீ எங்கள் எல்லோருக்கும் ஊக்கம் என்று எழுதி ஒரு இதயம்.

ஸ்டீபன் அதன் கீழே எழுதினான். பெயர் தப்பு, உள்ளே இருப்பது தப்பு, யாராவது படித்தீர்களா என்று. அவன் விரல் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

ஹென்ரிக்கிடமிருந்து பதில் வந்தது. அதையும் எனக்குப் படித்துச் சொன்னான். "உன்னிடம் நீயே இவ்வளவு கடுமையாக இருக்காதே. தப்பு இருந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ ஓய்வெடு."

எந்த ஊரிலாவது ஜனங்கள் ரோட்டில் நிற்கப் போகிறார்களே என்று, அந்தக் கிளாஸை எடுத்துப் போடும் திருத்தத்தை அவனே எழுதி அனுப்பினான். அதற்கும் இதயம் போட்டார்கள்.

"இத எடுத்துடுங்க கிளிம்மா," என்றான். நான் மவுஸை எடுத்தேன். துண்டை உதறி மடித்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலையில் எப்போதும்போல உட்கார வைத்துவிட்டுத் துண்டை எடுக்கப் போனபோது, வேண்டாம் என்றான். அதற்கு மறுநாளும் வேண்டாம் என்றான். மூன்றாம் நாள் நான் கேட்கவில்லை. படுத்தே இருப்பதால் முதுகைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருந்தது. அம்மா பார்க்கும் சீரியலை அவனும் பார்க்க ஆரம்பித்தான். கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்று அம்மாவுக்கே எடுத்துச் சொல்லும் அளவுக்கு ஆனான்.

அந்தப் பக்கத்தில் எழுதிய பிறகு வெனிலா முதல் தடவையாக வந்தாள். கேக் வாங்கி வந்திருந்தாள். அவன் ஜெயித்ததற்காகவாம். எழுதியதற்கு அண்ணன் திட்டுவான் என்று பயந்துகொண்டே உள்ளே வந்தாள். அவன் திட்டவில்லை. அது அவளுக்குத் தைரியம் கொடுத்தது. ஒரு துண்டு கேக்கை அவன் வாயில் வைத்தாள்.

"நான் எழுதினது தப்புதாண்ணே. ஆனா பாரு, எழுதினதாலதான நடந்துது. இப்போ உன் பேர்லயே முறை வச்சிருக்காங்க. எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் காட்டினேன். ஹெச்செம் கூட அசந்துட்டாங்க."

"ம்."

"இன்னா, கம்ப்யூட்டர மூடியே வச்சிருக்கற? வேலை செய்யலியா இன்னிக்கு?"

அவன் கேக்கை விழுங்கும் வரைக்கும் அவள் காத்திருந்தாள். நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்று அவன் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"கை முடியல வெனிலா," என்றான். "முன்ன மாதிரி விரல் வரல."

அவள் முகம் விழுந்துவிட்டது. கேக்கைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் அதன் மேல் விழுந்தது. ஆண்டவரே, ஆண்டவரே என்றாள். அழாதே என்று இன்னாசியம்மாள் உள்ளேயிருந்து வந்து, தானும் அழ ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு மன்றாட்டில் விரலைத் தனியாகச் சொல்லச் சொல்கிறேன் என்றது. அவன் தலையை ஆட்டினான்.

அன்று காலையில்தான் அந்த விரலை நீவிவிட்டிருந்தேன். என் உள்ளங்கையை அழுத்தச் சொன்னபோது அழுத்தியது, நன்றாகவே அழுத்தியது. அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்வதாக இருந்தால் அவன்தான் சொல்ல வேண்டும். வெட்டிய நகத்தைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு, வெந்நீர் போடப் போனேன்.